சுரோ மாதத்தில் தூக்கிய வீடு

சோப்பு நுரைத்தது. தர்முஜிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஷிப்ட் முடிந்த ஆட்கள் சுரங்கத்தின் வாயிலிருந்து ஓடிவரும் கால்வாயில் குளித்துக்கொண்டிருந்தார்கள். தலையிலும் அக்குளிலும் வெள்ளையாய் நுரை பொங்கிற்று. முகமெல்லாம் நுரையாய் நின்ற கிமின், "மண்டோரே, வாங்க, முதுகு தேய்ச்சு விடறேன். உங்க முதுகுல இருக்கற அழுக்குல ஒரு பாத்தி மொளகா போடலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சுரங்க ஆட்களின் மேஸ்திரியான தர்முஜி சிரிக்கவில்லை. கீழே ஓடும் நுரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று நாளைக்கு முன்பு அவர் மேலே ஏரிக்குப் போயிருந்தார். அளவுக் கம்பைப் பார்க்கிறவன் காய்ச்சலில் படுத்துவிட்டதால் இவரை அனுப்பினார்கள். எரிமலையின் வாய்க்குள் பச்சைப் பசேலென்று கிடக்கும் தண்ணீர். எட்டு மாதமாகச் சுரங்கம் அந்த ஏரியைக் கீழிருந்து வடிக்கிறது என்பது ஆபீஸ் கணக்கு. கம்பில் தண்ணீர் இறங்கியிருக்கவில்லை. ஒரு முழம் ஏறியிருந்தது. வியர்வையில் நாறிய சட்டையைக் கழற்றி அங்கேயே அலசப் பார்த்தார். சோப்பு நுரைக்கவில்லை. திரிந்துபோன தேங்காய்ப்பாலைப் போலத் திட்டுத் திட்டாய் மிதந்தது. தண்ணீர் சுட்டது, போன வருஷத்தைவிட அதிகமாகவே.

அந்த ஏரித் தண்ணீர்தான் சுரங்கத்தில் வருகிறது என்றால், கிமின் தலையில் இத்தனை நுரை எப்படி?

அவருக்குத் தெரியும். இன்றைக்குத் தெரிந்ததல்ல. முதல் நாளே தெரியும்.

கெலுட் மலை வெடிக்கும்போது சாம்பலைவிட அந்த ஏரிதான் ஆட்களைக் கொல்லும். வாயில் நிறைந்து நிற்கிற தண்ணீர் அப்படியே தூக்கி எறியப்பட்டு, கல்லும் மண்ணும் மரமும் கலந்து, கொதிக்கிற சேறாக ஆற்று வழியே இறங்கும். அதற்குப் பெயர் லஹார். தர்முஜிக்கு ஐந்து வயதில் அவருடைய அம்மாவையும் அக்காவையும் கொண்டுபோனது அதுதான். தண்ணீரை முன்பே வடித்துவிட்டால் லஹார் இல்லை. டச்சுக்காரன் காலத்துப் பழைய சுரங்கங்கள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. பதினோரு வருஷத்துக்கு முன்பு நடந்த வெடிப்பில் ஏரியின் அடி இடிந்து ஆழமாகிவிட்டது. பழைய சுரங்கங்களால் மேல் தண்ணீரைத்தான் எடுக்க முடிந்தது. அடியில் கிடக்கும் தண்ணீருக்காக இன்னும் தாழ்வாக ஒரு புதுச் சுரங்கம் தொடங்கினார்கள். ஆறு வருஷம் குடைந்தார்கள். ஏரிக்கு நாற்பது மீட்டர் இருக்கும்போது பாறை சுட ஆரம்பித்தது, உதிர ஆரம்பித்தது. ஒருநாள் சூடான சேறு பீறிட்டு வந்ததில் கிமினின் தம்பி உள்ளேயே போய்விட்டான். அதோடு ஆபீஸ் நிறுத்திவிட்டது. மீதி நாற்பது மீட்டரில் துளைகள் போடுவோம், ஏரி தானாகக் கசிந்து வரட்டும் என்றார்கள்.

துளையில் தண்ணீர் வந்த அன்று மாவட்டத்துப் பெரிய அதிகாரி குடையோடு வந்தார். கூம்பாகக் குவித்த மஞ்சள் சோறு, முழுக் கோழி, அவித்த முட்டைகள், தொழுகைக்கு மௌல்வி. முதல் தண்ணீரைத் தகரக் குவளையில் பிடித்துத் தர்முஜியிடம் நீட்டினார்கள். குடித்தார். மலை ஊற்றுத் தண்ணீரைப் போல ஜில்லென்று தித்தித்தது.

அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏரித் தண்ணிதானே, மண்டோர்?"

பெரிய மனிதர் பதிலையும் சேர்த்துக் கேட்டுவிட்டால், முகத்துக்கு நேராக இல்லை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. குனிந்து ஆமாம் என்பார்கள். உண்மை பிறகு வேறொரு நாளில், வேறொரு ஆள் மூலமாக, யாருக்கும் கூச்சம் வராதபடி போய்ச்சேரும். தர்முஜியும் குனிந்து, "ஆமாங்க" என்றார்.

அந்த வேறொரு நாள் வரவில்லை. வந்தது வேறு. லஹார் பயம் தீர்ந்தது என்று ஆபீஸ் சொல்லி, ஆற்றங்கரையில் புறம்போக்காகக் கிடந்த கருமண்ணை நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டு குடும்பம் இறங்கியது. அதில் ஒன்று தர்முஜியின் ஒரே மகள் ருகினாவின் குடும்பம். நல்ல காரியம் எதுவும் தொடங்காத சுரோ மாதம் முடிந்ததும் இன்னும் முப்பது குடும்பம் இறங்கப்போகிறது.

குளித்தவர்கள் போனபிறகு தர்முஜி இன்ஜினியரின் கொட்டகைக்குப் போனார்.

சுடிப்யோவுக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லி. எந்நேரமும் இருமல். ஆட்களை 'பாக்' என்று மரியாதை சேர்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்.

"உக்காருங்க, பாக் தர்முஜி."

"நிக்கறேங்க ஐயா. ஒண்ணு சொல்லணும். சுரங்கத்துல வர்றது ஏரித் தண்ணி இல்லைங்க."

சுடிப்யோ பேனாவை மூடினார். "எப்படிச் சொல்றீங்க?"

"சோப்பு நுரைக்குதுங்க. ஏரியில நுரைக்கல."

அவர் சிரிப்பார் என்று நினைத்தார் தர்முஜி. சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எனக்கும் தெரியும். மழை பெஞ்சா சுரங்கத்துல தண்ணி கூடுது, வெயிலடிச்சா குறையுது. இது மலைச்சரிவுல ஊறுற மழைத்தண்ணி. ஏரிக்கும் நமக்கும் நடுவுல அந்த நாப்பது மீட்டர் அப்படியே இறுகிக் கெடக்கு. மீதியையும் குடைஞ்சுதான் ஆகணும்னு மூணு தடவை மேல எழுதிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

சுடிப்யோ ஒரு காகிதத்தை எடுத்தார், பிறகு வாசிக்காமலே கீழே வைத்தார். "தண்ணி வந்த அன்னிக்கு, முப்பது வருஷ அனுபவமுள்ள தலைமை மண்டோரே ருசி பார்த்து உறுதி பண்ணியிருக்காருன்னு எழுதியிருக்காங்க. உங்க பேர்தான் இருக்கு."

தர்முஜிக்குக் காது சுட்டது.

"உங்களைக் குத்தம் சொல்லல. நானும் பக்கத்துலதானே நின்னேன்? நானும் வாயத் தொறக்கல. இன்னொரு தடவை எழுதறேன். அதுவரைக்கும் ஊர்ல யார்கிட்டயும் பேசாதீங்க. பீதி கிளம்பிச்சுன்னா நம்ம எல்லாரையும் தூக்கிட்டு வேலையவே மூடிடுவாங்க. அப்புறம் அந்த நாப்பது மீட்டரும் கெடைக்காது. புரியுதுங்களா?"

"சரிங்க" என்றார் தர்முஜி.

பாதி வழி இறங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது, மறுபடியும் அதே வேலையைச் செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்று.  பிறகு தன் வீட்டுக்குப் போகும் பாதையை விட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு இறங்கினார்.

ருகினா வாசலில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். வயிறு ஏழு மாதம். நாலு வயதுப் பெண் தோலை எல்லாம் குவித்து மலை கட்டிக்கொண்டிருந்தது. மிளகாய்ச் செடிகள் பூத்திருந்தன. அந்தக் கருமண்ணில் எதைப் போட்டாலும் வரும்.

"வாங்கப்பா. காப்பி போடட்டா?"

"வேண்டாம். பைரான் எங்கே?"

"இங்கதான் இருக்கேன் மாமா" என்று மண்வெட்டியோடு மருமகன் வந்தான். "என்ன, மொகம் செத்த கோழி மாதிரி இருக்கு?"

தர்முஜி உட்காராமலே சொன்னார். தண்ணீர், சோப்பு, கம்பில் ஏறிய மட்டம், நாற்பது மீட்டர், எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது பைரான் மண்வெட்டியை ஓங்கித் தரையில் குத்தினான்.

"நீங்கதானே மாமா குடிச்சிட்டு ஆமான்னீங்க? ஊர் பூரா பாத்துச்சே. இந்தத் துண்டு நெலத்துக்கு நான் எத்தனை வாசல்ல நின்னேன் தெரியுமா? 'மண்டோர் மருமகனே எறங்குறான், அப்புறம் என்ன பயம்'னு என்னைப் பாத்துதான் மத்தவனெல்லாம் எறங்குனான். இப்ப வந்து பாட்டை மாத்துறீங்க?"

"தப்புதான் மாப்ளே."

"தப்பாம். இந்த மொளகாயையும் தப்புன்னு புடுங்கிப் போட்டுடலாமா?"

ருகினா கடலையைக் கீழே வைத்தாள். அவள் குரல் ஏறவில்லை. "அப்பா, அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"சந்தேகம் இருந்துச்சு."

"இந்த வீட்டுக்கு மூலைக்கால் நட்டப்போ நீங்கதானே கால் பிடிச்சீங்க. கோணாம இருக்கான்னு ஒத்தக் கண்ணை மூடிப் பாத்தீங்க. அப்பவும் இருந்துச்சா, சந்தேகம்?"

தர்முஜி அந்த மூலைக்காலைத் தொட்டுப் பார்த்தார். 

"நாளைக்கே வீட்டை அப்படியே தோள்ல தூக்கிடலாம்" என்றார் கடைசியில். "மேட்டுல, தொழுகைப் பள்ளிக்குப் பின்னால என் தோட்டம் இருக்கு. அங்க வெச்சிடலாம்."

பைரான் சிரித்தான், சந்தோஷமில்லாத சிரிப்பு. "சுரோ மாசத்துலயா? கல்யாணம் கிடையாது, காது குத்து கிடையாது, இந்த மாசத்துல வீட்டை நகர்த்துறவன் குடும்பத்துல ஒண்ணு போகும்பாங்க. அதுவும் புள்ளத்தாச்சிய வெச்சுக்கிட்டு. எவன் வந்து தோள் குடுப்பான்?"

"இன்னும் பதினேழு நாள் இருக்கு சுரோ முடிய. மலை மாசம் பாத்தா வெடிக்கும்?"

"மலை பாக்காது. மனுசன் பாப்பான்."

ருகினா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளிருந்து சொன்னாள்: "ஆளைக் கொண்டாங்க. வந்தாங்கன்னா நான் தடுக்கல. ஆனா எதுக்குத் தூக்குறோம்னு அவங்ககிட்ட நீங்களே சொல்லணும். என் புருசன் தலையில கட்டாதீங்க."

மறுநாள் காலையில் ஷிப்ட் மாறும் நேரம். சுரங்க வாயில் அறுபது பேர், உள்ளே போக நிற்பவர்களும் வெளியே வந்தவர்களும். தர்முஜி கால்வாய்க் கரையில் இரண்டு தகர டப்பாக்களை வைத்தார். ஒன்றில் கால்வாய்த் தண்ணீரை மொண்டு ஊற்றினார். இன்னொன்றில் ஏரியிலிருந்து கொண்டுவந்திருந்த புட்டித் தண்ணீர். விடியுமுன்பே ஏறிப்போய் நிரப்பி வந்தது.

"என்ன மண்டோரே, மருந்து விக்கப்போறீங்களா?" என்றான் ஒருவன்.

"ஆமா. கசக்கும். கிமின், இங்க வா. ரெண்டுலயும் சோப்புப் போட்டுக் கலக்கு."

கிமின் கலக்கினான். ஒன்று நுரைத்து வழிந்தது. இன்னொன்றில் திட்டுகள் மிதந்தன.

தர்முஜி சொன்னார். முதல் தடவை குரல் எழும்பவில்லை. பின்னால் நின்றவர்கள் "சத்தமாச் சொல்லுங்க" என்றார்கள். சத்தமாகச் சொன்னார். சுரங்கம் ஏரியைத் தொடவில்லை. அன்று தான் சொன்னது பொய். இன்ஜினியரின் பேச்சை மட்டும் சொல்லவில்லை. அது அந்த ஆள் தன்னை நம்பிச் சொன்னது.

 கிராம்புச் சிகரெட் ஒன்று எங்கோ பொரிந்தது. கிமின் கையிலிருந்த நுரையைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அப்ப என் தம்பி எதுக்குச் செத்தான்?"

தர்முஜி அவன் கண்ணைப் பார்த்தார். "நாப்பது மீட்டர் பாக்கி இருக்கு, கிமின்."

"எதுக்குச் செத்தான்னு கேட்டேன்."

"வீணாத்தான் செத்தான். இதுவரைக்கும் வீண்தான்."

கிமின் அவர் கன்னத்தில் அறைந்தான். வலுவான அறை. பாறையுடைக்கிற கை. தர்முஜி தடுமாறி டப்பாவை மிதித்துச் சாய்த்தார். இரண்டு பேர் கிமினைப் பிடித்தார்கள். "விடுங்கடா" என்று உதறிக்கொண்டு, அவன் யாரையும் பார்க்காமல் காப்பித் தோட்டத்துக்குள் நடந்து போய்விட்டான்.

உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டு தர்முஜி சொன்னார்: "என் மக வீட்டைத் தூக்கணும். சுரோ மாசம்னு தெரியும். வர்றவங்க வாங்க. வராதவங்க மேல எனக்கு வருத்தம் இல்லை."

இருபத்து மூன்று பேர் வந்தார்கள். அந்த வீட்டுக்கு ஐம்பது தோள் வேண்டும்.

பாத்திரம், பாய், கோழிக்கூடு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு மூங்கில் சுவர்களைக் கழற்றினார்கள். மண்ணைத் தோண்டி வீட்டின் கால்களை விடுவித்து, அவற்றின் அடிப்பக்கத்தில் நீள மூங்கில்களை வரிசையாக வைத்து நாரால் இறுக்கிக் கட்டினார்கள். கூரை அப்படியே இருந்தது. "எழுப்பு!" என்று தர்முஜி குரல் கொடுத்தார். ஒரு சாண் எழும்பிய வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடியும் உட்கார்ந்தது. ஒருவனின் கால்விரல் நசுங்கியது. அவன் சுரோ மாதத்தையும் மண்டோரையும் சேர்த்துத் திட்டினான்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். கைகட்டிக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் கிட்டே வரவில்லை.

"என்ன மண்டோர், இந்த மாசத்துல?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "சாவு கீவு வேணும்னு வேண்டுதலா?"

பைரான் மாமனாரைப் பார்த்தான். ருகினாவும் பார்த்தாள். அவள் பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தர்முஜி மூங்கிலை விட்டுவிட்டு வேலியருகே போனார். "உங்க எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்றேன். சுரங்கம் வேலை செய்யல. ஏரி நெறஞ்சு கெடக்கு. அன்னிக்கு நான் ஆமான்னு சொன்னது பொய்யி. என்னை நம்பித்தான் நீங்க எறங்குனீங்க. ஏறிடுங்க."

ஒருத்தி மண்ணை வாரி அவர் மேல் எறிந்தாள். "ஒம் மகளை மட்டும் மொதல்ல ஏத்திட்டு எங்களுக்குச் சேதி சொல்றியா?" என்று கத்தினாள். அது உண்மை. ஒரு இளைஞன் காறித் துப்பிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். இரண்டு பேர் தங்கள் வீட்டின் மூலைக்கால்களைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு அந்த இரண்டு பேரும் வேலியைத் தாண்டி வந்து ஒன்றும் சொல்லாமல் மூங்கிலுக்கடியில் தோளைக் கொடுத்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர். கேள்வி கேட்ட பெரியவரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "செத்தா உம் பேரைச் சொல்லிட்டுத்தான் சாவேன்" என்றார்.

ஆனாலும் பின்பக்க மூலைக்கு ஆள் போதவில்லை. அப்போதுதான் மேட்டுப் பாதையில் கிமின் இறங்கி வந்தான், தன் ஷிப்ட் ஆட்கள் பத்துப் பதினைந்து பேரோடு. தர்முஜியிடம் பேசவில்லை. அந்த மூலையில் தோளைக் கொடுத்து, "ருகினாவுக்காக வந்திருக்கேன்" என்று மட்டும் பொதுவாகச் சொன்னான்.

வீடு எழுந்தது. கூரை மட்டும் காற்றில் நகர்வதைப் போல மிளகாய்ப் பாத்திகளை மிதித்துக்கொண்டு போனது. பூத்த செடிகள் காலடியில் நொறுங்கின. பைரான் முன்மூலையில் இருந்தான். அழுதுகொண்டே தூக்கினான், தூக்குகிறவர்களின் பாட்டுக்கு ஈடாகக் குரல் கொடுத்துக்கொண்டே அழுதான். ஏற்றத்தில் மூன்று இடத்தில் இறக்கி மூச்சு வாங்கினார்கள். நடுப்பகலுக்குள் தொழுகைப் பள்ளியின் பின்னால் வீட்டை உட்கார வைத்தார்கள்.

தூக்கியவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்பக்கூடாது. ருகினா அந்த வயிற்றோடு சோயாக் கட்டியான தெம்பே பொரித்து, கீரையும் தேங்காயும் பிசைந்து, இலையிலை­யாக வைத்தாள். கிமினுக்கு வைத்தாள், கேள்வி கேட்ட பெரியவருக்கு வைத்தாள். ஆபீஸிலிருந்து சைக்கிளில் ஒருவன் வந்து தர்முஜியிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பைரான் வாசித்தான். நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம். தர்முஜி அதை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

கடைசியாக அவர் முன்னால் இலையை வைத்தாள் ருகினா. நிமிராமலே சொன்னாள்:

"கீழ பதினோரு வீடு இருக்கு. வேலியில நின்னு கத்துனா ஆச்சா? ஒவ்வொரு வாசலா போய் உக்காந்து சொல்லுங்க. சாப்ட்டுட்டுப் போங்க."

அவரால் பாதிதான் சாப்பிட முடிந்தது.

முதல் வாசல் கார்சியுடையது. புருஷன் செத்தவள், இரண்டு ஆடுகளும் ஒரு பிள்ளையும்தான் அவளுக்கு. காலையில் மண்ணை வாரி எறிந்தவள் அவள்தான். வாசலில் உட்கார்ந்த அவரைப் பார்த்து உள்ளே போகவுமில்லை, பாய் போடவுமில்லை. முழுவதையும் கேட்டாள். நடுவில் ஆட்டுக்குத் தழை போட்டாள்.

"இந்த வீட்டைத் தூக்க முடியாது" என்றாள். "கறையான் அரிச்ச காலு. தூக்கினா தூளாப் போகும். ஒண்ணொண்ணாக் கழட்டணும். மேல எனக்கு ஏது எடம்?"

"என் தோட்டத்துல இன்னும் கொஞ்சம் இருக்கு."

"அது எத்தனை வீட்டுக்கு வரும்?"

தர்முஜி மனசுக்குள் அளந்து பார்த்தார். "மூணு. நெருக்கினா நாலு."

"அப்ப மீதி ஏழு?"

 கார்சி மலையைப் பார்த்தாள். உச்சியில் மேகம் மூடியிருந்தது, எதுவும் தெரியவில்லை.

"சுரோ முடியாம நான் ஒரு ஆணியக்கூடத் தொட விடமாட்டேன். எனக்கு இருக்கறது ஒத்தப் புள்ள" என்றாள். "முடிஞ்ச அன்னிக்கு வாங்க. கைக்கருவியோட வாங்க. வேலை போயிடுச்சாமே, சும்மாத்தானே இருப்பீங்க."

"வர்றேன்."

"மலை அதுக்குள்ள கிளம்பிட்டா?"

தர்முஜி எழுந்தார். அடுத்த வீட்டின் கதவு சாத்தியிருந்தது. போய் அதைத் தட்டினார். யாரும் திறக்கவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. அவர் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.